கொடுவாவும் கடல்குதிரையும்: பால்புதுமை பேசும் வீடியோ கலைக்கு ஓர் அறிமுகம்

கொடைக்கானலுக்கு மீன் வத்தலக்குண்டு வழியாக, ஐஸ் பெட்டியில், கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வருகிறது. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில், ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கொண்டு மீன் வாங்குகிற ஊர் இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுவா மீன் தட்டின் முன்னால் நின்று, சினை உள்ளதாகப் பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டேன். கடைக்காரர் கத்தியை நிறுத்தாமலே சொன்னார்: "சின்னதுல சினை தேடாதீங்க டீச்சரம்மா. கொடுவாவுல பெருசுக்குத்தான் இருக்கும்."

பல வருடம் மீன் வெட்டிய கை சொன்ன அறிவு அது. கொடுவா பெரும்பாலும் ஆணாகத்தான் முதிர்ச்சியடைகிறது. சில ஆண்டுகள் ஆணாக வாழ்ந்து, வளர்ந்து பெரிதானபின் பெண்ணாகிறது. அதனால்தான் சின்ன மீனில் சினை இருப்பதில்லை. பக்கத்துத் தட்டில் இருந்த களவா இதற்கு நேர் எதிர். முதலில் பெண், பிறகு ஆண். வருடக்கணக்காக இரண்டையும் குழம்பு வைத்துச் சாப்பிட்டிருக்கிறேன். இரண்டும் இப்படி என்று எனக்குத் தெரிந்தது கொஞ்ச காலம் முன்புதான்.

வார இறுதிகளில் இங்கே இளைஞர்கள் சிலருக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த வாரம் இந்த மீன் கதையைச் சொல்லிவிட்டு, கடல் உயிர்கள் வரும் சில வீடியோ கலைப் படைப்புகளைப் பற்றிப் பேசினேன். "இது சினிமாவா டீச்சர், இல்ல டாக்குமெண்டரியா? இதுக்கும் பால்புதுமைக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அன்றைக்கு அரைகுறையாகப் பதில் சொன்னேன். முழுப் பதில் இது.

முதலில் வீடியோ கலை. சினிமாவுக்கு ஒரு தொடக்கம், ஒரு முடிவு, நம்பர் போட்ட நாற்காலி எல்லாம் உண்டு. வீடியோ கலைக்குப் பெரும்பாலும் இவை கிடையாது. ஓர் இருட்டறை இருக்கும். படம் சுவரில் ஓடலாம், தரையில் ஓடலாம், தொங்கும் துணியில் ஓடலாம், பழைய டிவிப் பெட்டியில் ஓடலாம். முடிந்ததும் நிற்காமல் மறுபடி முதலிலிருந்து ஓடும். இதை லூப் என்பார்கள். நடுவில் நுழைந்து நடுவிலேயே வெளியேறலாம். சில படைப்புகளில் மூன்று திரை, ஐந்து திரை இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. எதை, எப்போது பார்ப்பது என்பதை நம் கழுத்துதான் முடிவு செய்யும்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க, மலை விளிம்பில் போகும் கோக்கர்ஸ் வாக் நடைபாதை போதும். சில நாட்களில் முதுகுக்குப் பின்னால் வெயில் இருக்கும், எதிரே பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம் நிற்கும். அப்போது நம் நிழல் அந்தப் பனியில் பெரிதாக விழும். தலையைச் சுற்றி வானவில் மாதிரி ஒரு வளையம் தெரியும். பிராக்கன் ஸ்பெக்டர் என்று அதற்குப் பெயர். நாலு பேர் சேர்ந்து நின்றாலும் ஒவ்வொருவருக்கும் தன் தலையைச் சுற்றிய வளையம் மட்டும்தான் கண்ணில் படும். வெயில் புரொஜெக்டர், பனி திரை, பார்க்கிறவரின் உடம்பே படம். ஓர் அறையையே படைப்பாக்கும் நல்ல வீடியோ நிறுவல் கலையும் இப்படித்தான் வேலை செய்கிறது. நீங்கள் நிற்கும் இடமும் அதில் சேர்த்தி.

கொரியாவில் பிறந்த நாம் ஜூன் பைக், 1963இல் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் டிவிப் பெட்டிகளின் படத்தைக் கோணல்மாணலாக்கி ஒரு கண்காட்சி வைத்தார். வீடியோ கலையின் தொடக்கமாகப் பலர் சொல்வது இதைத்தான். பின்னாளில் அவர் உயிருள்ள மீன்கள் நீந்தும் கண்ணாடித் தொட்டிகளை டிவிப் பெட்டிகளின் முன்னால் வைத்து ஒரு படைப்பு செய்தார். எது திரையில் நீந்துகிறது, எது தண்ணீரில் நீந்துகிறது என்று கண் தடுமாறும். ஆக, வீடியோ கலை பிறந்து கொஞ்ச காலத்திலேயே அதற்குள் மீன் வந்துவிட்டது. 1960களின் பிற்பகுதியில் சோனியின் போர்ட்டாபேக் என்ற கருவி சந்தைக்கு வந்தது. ஒருவர் தோளில் மாட்டிக்கொண்டு தனியாகப் படம் பிடிக்கலாம். ஸ்டுடியோ வேண்டாம், தயாரிப்பாளர் வேண்டாம். ஓவியத்திலும் சினிமாவிலும் இடம் கிடைக்காத பெண்களும், தன்பாலீர்ப்பாளர்களும், திருநர்களும் தங்கள் உடம்பைத் தாங்களே படம் பிடிக்கத் தொடங்கியதற்கு இது முக்கியமான காரணம். இந்தியாவில் 1990களில் நளினி மலானி போன்றவர்கள் இந்த வடிவத்தைக் கையில் எடுத்தார்கள்.

அடுத்தது பால்புதுமை. ஆங்கிலத்தில் குயர் என்று சொல்வதற்குத் தமிழில் நிலைத்துவரும் சொல் இது. ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் அப்படி, ஆண் பெண்ணைத்தான் விரும்ப வேண்டும் என்ற மூன்று எதிர்பார்ப்புகளில் ஒன்றிலோ பலவற்றிலோ அடங்காதவர்கள் எல்லோரையும் இது குறிக்கும். மரியாதையான சொற்கள் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்திய பிறகு, தமிழ்நாடு அரசு 2022இல் இதற்கென ஒரு சொற்பட்டியலையே அரசிதழில் வெளியிட்டது.

சரி, கடல் ஏன்?

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1860இல் ஆங்கிலேய அரசு எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, 'இயற்கையின் ஒழுங்குக்கு மாறான' உறவு குற்றம் என்றது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்கள் மனமொத்து வைத்துக்கொள்ளும் உறவு குற்றமில்லை என்று தீர்ப்பளிக்கும்வரை, 150 ஆண்டுகளுக்கு மேல் அந்தச் சொற்றொடர் மனிதர்கள் தலைமேல் தொங்கியது. 'இயற்கைக்கு மாறானவன்' என்று ஒருவனை நூறு முறை சொன்னால், அவன் ஒருநாள் கேட்பான்: எந்த இயற்கை? அதன் ஒழுங்கை யார் போய்ப் பார்த்தது? கலைஞர்கள் கேமராவோடு கடலுக்குள் இறங்கியது அந்தக் கேள்வியோடுதான். அங்கே அவர்கள் கண்டது கரையில் எழுதி வைத்த ஒழுங்கே அல்ல.

கடல்குதிரையை எடுத்துக்கொள்வோம். பெண் தன் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பையில் இடும். கருவுறச் செய்வது, உள்ளே வைத்து வளர்ப்பது, கடைசியில் உடம்பை முறுக்கி முறுக்கிக் குட்டிகளை வெளியே தள்ளுவது எல்லாம் ஆணின் வேலை. பிரெஞ்சுக்காரரான ஜான் பன்லெவே 1930களில் கடல்குதிரையைப் பற்றி எடுத்த குறும்படத்தில் இந்தப் பிரசவத்தைக் காட்டினார். வீடியோ கலை என்ற பெயரே பிறக்காத காலம் அது. ஆனாலும் கடலைப் பார்த்து ஆண், பெண் வேலைகளைப் பற்றி யோசிக்கிற கலைஞர்கள் இன்றுவரை திரும்பிப் பார்ப்பது அந்தக் குறும்படத்தைத்தான். நம் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கடல்குதிரைகள் உண்டு. 2001 முதல் அவற்றைப் பிடிப்பது சட்டப்படி குற்றம்.

கோமாளி மீன் கதை வேறு. பூ மாதிரி விரிந்திருக்கும் கடல் சாமந்தி என்ற உயிருக்குள் ஒரு சிறு கூட்டமாக வாழும். எல்லாவற்றிலும் பெரியது பெண், அடுத்தது அதன் ஆண் துணை, மற்றவை வளராத சிறுசுகள். பெண் இறந்துபோனால், துணையாக இருந்த ஆண் பெண்ணாக மாறும். சிறுசுகளில் பெரியது ஆணாக முதிரும்.

ஆனால் இந்தக் கலைக்கு எல்லாவற்றையும்விட நெருக்கமானது கணவாய் என்பது என் எண்ணம். கணவாயின் தோல் முழுக்க நுண்ணிய நிறப்பைகள். தசை இழுத்தால் பை விரியும், விட்டால் சுருங்கும். நொடியில் உடம்பின் நிறமும் கோலமும் மாறிவிடும். அதாவது அதன் உடம்பே ஒரு திரை. ஆஸ்திரேலியக் கடலில் ஒரு வகைக் கணவாய் இருக்கிறது. பெண்ணுக்கும் போட்டி ஆணுக்கும் நடுவில் ஓர் ஆண் மாட்டிக்கொண்டால், பெண் இருக்கும் பக்கம் ஆணின் கோலத்தைக் காட்டும். போட்டியாளன் இருக்கும் பக்கம் பெண்ணின் கோலத்தைக் காட்டும். ஒரே உடம்பு, ஒரே நேரம், இரண்டு திரை! இதைச் சொன்னபோது என் வகுப்பில் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "நானும் வீட்டுல ஒரு பக்கம், காலேஜ்ல ஒரு பக்கம்." அவர் அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரட்டைத் திரை என்ற உத்தியை அதற்கு முன் பல முறை விளக்கியிருக்கிறேன். அன்றுதான் அது எனக்கே விளங்கியது.

இனி படைப்புகள். பிலாயில் பிறந்த தேஜல் ஷா, 2012இல் ஜெர்மனியின் காசல் நகரில் நடந்த டாக்குமெண்டா கலைவிழாவுக்காக 'பிட்வீன் த வேவ்ஸ்' என்ற ஐந்து திரைப் படைப்பைச் செய்தார். அதில் வரும் உருவங்களுக்குத் தலையில் ஒற்றைக் கொம்பு இருக்கும். மனிதர்தான் என்று நினைத்தால் விலங்கு மாதிரி இருக்கும், விலங்கு என்று நினைத்தால் மனிதர் மாதிரி. கடற்கரையிலும் நீரிலும் குப்பைமேட்டிலும் அவை தங்களுக்குள் நேசத்தோடு திரிகின்றன. எந்தக் காலத்தில் வந்தது என்பதும் முக்கியம். 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் 377ஐத் தளர்த்தியிருந்தது, 2013இல் உச்ச நீதிமன்றம் அதை மறுபடி இறுக்கியது. இரண்டுக்கும் நடுவில் கிடைத்த சின்ன இடைவெளியில் வந்த படைப்பு இது. அமெரிக்கத் திருநர் கலைஞரான வூ சாங், 2022 வெனிஸ் கலைவிழாவில் 'ஆஃப் வேல்ஸ்' என்ற படைப்பை வைத்தார். கணினி விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளைக் கொண்டு செய்தது. திமிங்கிலத்தின் பார்வையில் கடல் விரிகிறது. அதில் பார்க்கிறவருக்கு உடம்பு இல்லை, பால் இல்லை, ஆழம் மட்டும்தான். இத்தாலிய நடிகை இசபெல்லா ரொசெல்லினி 2008இல் தொடங்கிய குறும்படங்களையும் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. காகிதத்தாலும் பஞ்சாலும் செய்த உடைகளில் அவரே மண்புழுவாகவும் நத்தையாகவும் நடித்து அவற்றின் காமத்தை விளக்குவார். நத்தையும் மண்புழுவும் ஒரே உடலில் ஆணும் பெண்ணுமானவை. நம் முட்டைக்கோஸ் காட்டிலேயே இருக்கின்றன.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று தோன்றினால், அகப்பாடலை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் இருப்பது குறிஞ்சி. கடலும் கரையும் நெய்தல். நெய்தல் பாட்டில் தோழி தாழையையும் நண்டையும் நாரையையும் பற்றிப் பேசினால், அவள் அவற்றை மட்டும் பேசவில்லை என்பது நமக்குத் தெரியும். அதற்கு உள்ளுறை என்று பெயரே வைத்திருக்கிறோம். அகத்தில் காதலர்களின் பெயரைச் சொல்லக்கூடாது என்பது விதி. பெயரைச் சொன்னால் போலீஸ் வரும், வீட்டில் அடி விழும் என்றிருந்த காதலுக்கு, நண்டும் நாரையும் பேசும் அந்த மொழி எவ்வளவு பொருந்துகிறது! ஒரே ஒரு வேறுபாடு உண்டு. உள்ளுறையில் விலங்கு மனிதருக்காகப் பேசிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். நல்ல வீடியோ கலையில் கணவாய் கணவாயாகவும் மிஞ்சி நிற்கும்.

தமிழில் இந்தக் கலையைப் பார்க்கும்போது இன்னொன்றும் நடக்கிறது. எனக்கு மிகவும் பெரிதாகத் தோன்றுவது அதுதான்.

நம் இலக்கணத்தில் அஃறிணைக்கு ஆண்பால், பெண்பால் கிடையாது. ஒன்றன்பால், பலவின்பால் மட்டும்தான். ஆண் மீனும் 'வந்தது', பெண் மீனும் 'வந்தது', நேற்று ஆணாக இருந்து இன்று பெண்ணான கொடுவாவும் 'வந்தது'. ஒரு மனிதர் திரையில் செதிலும் கொம்பும் வைத்துக்கொண்டு நீருக்குள் இறங்கும்போது, தமிழில் அவர் அவன், அவள் என்ற இரண்டு கதவுகளுக்கும் வெளியே போய்விடுகிறார். அது ஒரு பெரிய விடுதலை. ஆனால் அதே 'அது' நம் தெருவில் சாட்டையாகவும் இருக்கிறது. வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பேருந்தில் ஒரு திருநங்கை ஏறினார். "அது எங்க இறங்குதாம்?" என்று கேட்டார் கண்டக்டர். அவரிடம் கேட்கவில்லை, பக்கத்தில் இருந்த என்னிடம் கேட்டார். "அவங்க கிட்டயே கேளுங்க" என்று சொல்ல எனக்கு ஒரு வளைவு தாண்ட வேண்டியிருந்தது. அந்தத் தாமதம் இன்னும் உறுத்துகிறது.

இது இன்றைய சிக்கல் மட்டுமல்ல. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயருக்கென்று தனி விகுதி இல்லை, அது 'உயர்திணை மருங்கின் பால்பிரிந்து இசைக்கும்' என்கிறது தொல்காப்பியம். அதாவது அவர்கள் உயர்திணை. பல நூற்றாண்டு கழித்து வந்த நன்னூல், அவர்களை அஃறிணை போலவும் சொல்லலாம் என்று ஒரு வாசலைத் திறந்துவிட்டது. 'அவர்' என்பதா, 'அது' என்பதா என்ற வழக்கு நம் இலக்கணத்துக்குள்ளேயே நடந்திருக்கிறது. ஆகவே 'நான் மீன்' என்று ஒரு பால்புதுமையர் தானே சொல்வதும், அவரைப் பார்த்து இன்னொருவர் 'அது' என்பதும் ஒன்றல்ல. தானாக நீரில் இறங்குவது வேறு, பிடித்துத் தள்ளுவது வேறு. இந்த வகைப் படைப்பைப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது, உடம்பும் கேமராவும் யாருடையவை என்பதைத்தான்.

அப்புறம், புதிதாகப் பார்ப்பவர்கள் அடிக்கடி வழுக்கும் ஓர் இடம் உண்டு. 'மீனே மாறுகிறது, மனிதர் மாறக்கூடாதா?' என்ற வாதம். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் மேலே பாரம் வைத்தால் ஒடிந்துவிடும். மீனுக்கு மாறுவது உடல். மனிதருக்குப் பாலின அடையாளம் என்பது தன்னைப் பற்றித் தான் அறிந்திருப்பது. ஒரு திருநங்கை கோமாளி மீன் அல்ல. கடலில் ஒரு மீன்கூட இப்படி இல்லாமல் போனாலும் அவருடைய உரிமை ஒரு துளி குறையாது. கடலிடமிருந்து சான்றிதழ் வாங்கி வருகிற படைப்புகள் எனக்குப் பிடிப்பதில்லை. 'ஒழுங்கு' என்ற சொல்லை நாம் எவ்வளவு அவசரமாகச் சொல்லிவிட்டோம் என்று உணரவைக்கிற படைப்புகள் பிடிக்கும்.

நேரில் பார்க்க வேண்டுமானால், நம் மலையிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில் கொச்சி பினாலே என்ற கலைவிழா இருக்கிறது. 2012இல் தொடங்கியது. கடலோரத்துப் பழைய கிடங்குகளுக்குள் வீடியோ கலை ஓடும். நுழைந்ததும் கதையைத் தேடாதீர்கள். கண் இருட்டுக்குப் பழகட்டும். குறைந்தது ஒரு சுற்று முழுதாக ஓடும்வரை உட்காருங்கள். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கவனியுங்கள். பிறகு இடம் மாறி உட்கார்ந்து இன்னொரு சுற்று.

அந்தக் கணவாய் வாக்கியத்தைச் சொன்னவர் பூம்பாறைப் பக்கத்துக்காரர். மழை ஓய்ந்த பிறகு ஒரு வீடியோ செய்துகொண்டு வந்தார். கடலை அவர் நேரில் பார்த்ததில்லை. மலைப்பூண்டின் தோலை ஒவ்வொன்றாக உரித்து, மைதாப் பசையால் கை முழுக்கச் செதிலாக ஒட்டியிருந்தார். மூச்சு விட்டால் அந்தத் தோல் படபடவென்று அசைகிறது. படிக்கட்டு வயல்களுக்கு மேல் பனி ஏறும் நேரத்தில் அந்தக் கையை மட்டும் போனில் எடுத்திருக்கிறார். மொத்தம் மூன்று நிமிடம். பின்னணியில் அவர் குரல், வினைச்சொற்களை மட்டும் சொல்கிறது. ஒளிந்தது. நின்றது. நிறம் மாறியது. மூச்சு வாங்கியது. கடைசியில் ஒரே ஒரு சொல் மாறுகிறது: வந்தேன்.

தன்மையில் பால் இல்லை. 'நான் வந்தேன்' என்றால் வந்தது ஆணா பெண்ணா என்று தமிழ் கேட்பதில்லை. இத்தனை வருடம் இந்த மொழியைப் பேசியும் நான் அதைக் கவனித்ததில்லை.

இரவல் வாங்கிய புரொஜெக்டரில், அவர் வீட்டுக் கொடியில் காயப்போட்ட வேட்டியில், ஒரு சாயங்காலம் படத்தை ஓட்டினோம். நடுவில் பனி இறங்கியது. புரொஜெக்டரிலிருந்து வேட்டிவரை வெளிச்சம் ஒரு வெள்ளைக் குழாயாகக் காற்றில் நின்றது. அந்தப் பூண்டுச் செதில்கள் துணியில் மட்டுமின்றிப் பனியிலும் அசைந்தன. அவருடைய அப்பத்தா முக்காலியில் உட்கார்ந்து, சால்வையைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு பார்த்தார். படம் முடிந்து, லூப்பில் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கியது. குளிருது, உள்ளே போலாம் என்று அவரை எழுப்பப் போனோம்.

"இரு. அந்தக் கை மொதல்ல வர்ற எடத்த நான் சரியாப் பாக்கல" என்றார்.